காட்டில் வாட்டர்கலர்: கோளாறு இதுவானால் முதலில் இதைப் பாருங்கள்

மலைக்காட்டில் உட்கார்ந்து வாட்டர்கலர் செய்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார்கள் ஒரு பத்துக்குள் அடங்கிவிடும். ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு, கொல்லிமலை என்று இடம் மாறும், புகார் மாறாது. மாறுவது பருவம்தான். ஒரே தாள், ஒரே பெயிண்ட், ஒரே கை. ஆடியில் ஒரு மாதிரி நடந்துகொள்ளும், மார்கழியில் வேறு மாதிரி, பங்குனியில் இன்னொரு மாதிரி. ஆனால் ஆட்கள் தங்கள் கையைத்தான் குறை சொல்வார்கள். இல்லாவிட்டால் நேரே கடைக்குப் போய் விலை கூடின பிரஷ் ஒன்றை வாங்கி வருவார்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் அவசியம் இருப்பதில்லை. கோளாறு தண்ணீரிலோ காற்றிலோ வெளிச்சத்திலோ இருக்கும்.

கண்ணுக்குத் தெரிகிற அறிகுறியை வைத்துப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காரணங்கள் காசு செலவில்லாததில் தொடங்கிப் பர்ஸைத் திறக்க வேண்டியதில் முடியும். வரிசையைத் தாண்டாமல் பாருங்கள்.

கிளம்பும் முன் ஒரு விஷயம். சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காப்புக்காட்டுக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். முதுமலை வழியாகப் போகும் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கவே கூடாது, ஈஸல் (வரையும் பலகையைத் தாங்கும் ஸ்டாண்ட்) போடுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. சோலையை ஒட்டிய பொதுச்சாலை, அரசுப் பூங்காக்களின் ஓரம், தெரிந்தவர் எஸ்டேட்டின் எல்லை ஆகிய இடங்களில் உட்கார்ந்தாலே வாழ்நாளுக்குப் போதுமான காடு கண்ணில் படும். உள்ளே போகத்தான் வேண்டும் என்றால் ரேஞ்சர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.

வாஷ் காயவே மாட்டேன் என்கிறது

வாஷ் என்பது பெயிண்ட்டை நிறையத் தண்ணீரில் கரைத்துத் தாளில் பரப்பும் மெல்லிய பூச்சு. ஆனி முதல் ஆவணி வரை நீலகிரியின் மேற்குச் சரிவில், அதாவது கூடலூர், அவலாஞ்சிப் பக்கம், இது தினசரிப் புகார். ஐப்பசி, கார்த்திகையில் இதே புகார் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் இருந்து வரும். மழை பெய்ய வேண்டும் என்றில்லை, மூடுபனி இறங்கினாலே போதும்.

முதலில் பலகையைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். வாஷின் கீழ் விளிம்பில் தண்ணீர் மணியாகத் திரண்டு நிற்கிறதா? அப்படியானால் காற்றைத் திட்ட வேண்டாம், பிரஷில் தண்ணீர் அதிகம், அவ்வளவுதான். பிரஷைத் துணியில் பிழிந்துவிட்டு, அதன் நுனியால் அந்தத் திரட்சியைத் தொட்டு உறிஞ்சுங்கள். மழைக்காலத்தில் இடது கையில் எப்போதும் ஒரு பழைய பருத்தித் துணி இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை பிரஷ் தண்ணீரில் இருந்து வெளியே வரும்போதும் அந்தத் துணியைத் தொட்டுவிட்டுத்தான் தாளுக்குப் போக வேண்டும். இதை மட்டும் பழகியவர்களில் பலர் அப்புறம் இந்தப் புகாரோடு வந்ததே இல்லை.

மணி திரளவில்லை, ஆனாலும் காயவில்லை என்றால் தாளின் பின்பக்கத்தைப் பாருங்கள். புல்லின்மேல் வைத்த பலகை, ஈரமான பை, நனைந்த மடி என்று தாள் கீழிருந்தே ஈரம் குடித்துக்கொண்டிருக்கலாம். பலகைக்கும் தாளுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் ஷீட் போதும்.

இரண்டும் இல்லை என்றால் காற்றேதான் காரணம். அப்போது வேலை செய்யும் முறையை மாற்றுங்கள். இரண்டு சிறிய தாள்களை எடுத்துக்கொண்டு மாற்றி மாற்றி வரையலாம். கார் பக்கத்தில் இருந்தால் டாஷ்போர்டின் மேல் தாளை வைத்து, கண்ணாடிக்குப் போகும் சூடான காற்றைச் சில நிமிடம் ஓடவிடுங்கள். கேஸ் அடுப்பு நெருப்பில் காட்டிக் காய வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். தாள் வளையும், ஓரம் கருகும், வேண்டாம்.

*காய்ந்த மாதிரி தெரிகிறது, அடுத்த பூச்சு போட்டால் கலங்குகிறது*

மினுமினுப்பு போனதும் காய்ந்துவிட்டது என்று நினைப்பதால் வருவது இது. விரல் நுனியால் தொட்டுப் பார்க்காதீர்கள், ஏமாற்றும். புறங்கையை லேசாக வையுங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. பக்கத்தில் பெயிண்ட் படாத மூலையும் அதே அளவு ஜில்லென்று இருந்தால்தான் காய்ந்ததாகக் கணக்கு. இந்த மினுமினுப்புக்கும் காய்தலுக்கும் இடைப்பட்ட நேரத்தில் தண்ணீர் கூடின பிரஷ் பட்டால் ஓரம் சுருள் சுருளாக விரியும், நாம் காலிஃபிளவர் என்று சொல்கிற அதே கறை. வந்துவிட்டால் தேய்க்காதீர்கள். முழுக்கக் காயவிட்டு அதை இலைக்கொத்தாக மாற்றப் பாருங்கள். மழைக்காலக் காட்டில் அது பெரும்பாலும் பொருந்திவிடும்.

எங்கே நிறுத்துவது? துவைத்த துணி காயாத நாளில் வாட்டர்கலரும் காயாது. அப்படிப்பட்ட நாளில் கரியோ பென்சிலோ எடுத்துக்கொள்ளுங்கள். மூடுபனியில் சோலையின் டோன்களை, அதாவது வெளிச்சமும் இருட்டும் மாறும் அளவுகளை, பிடிக்கக் கரியைவிட நல்லது எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

பிரஷ் நகரும் முன்பே காய்ந்துவிடுகிறது

மாசி தொடங்கி வைகாசி வரை, குறிப்பாக சத்தியமங்கலம், ஜவ்வாது மாதிரி வறண்ட இலையுதிர் காட்டில். வானத்துக்குப் போட்ட வாஷில் கோடு கோடாகப் பட்டை விழும்.

தாள்மேல் நேர் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் நகருங்கள். அடுத்து பிரஷின் அளவு. பெரிய வாஷைச் சின்னப் பிரஷால் இழுத்தால் எந்தப் பருவத்திலும் பட்டை விழும், கோடையில் உடனே தெரிகிறது. அதற்கும் சரிவரவில்லை என்றால் வாஷுக்கு முன் தாளின் பின்பக்கத்தையும் ஈரத்துணியால் துடைத்து நனைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரினில் ஓரிரு துளியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுங்கள். ஓரிரு துளிதான். கூடினால் படம் வீட்டுக்கு வந்தும் பிசுபிசுக்கும்.

அக்ரிலிக் செய்பவர்களுக்குப் பேலட்டிலேயே பெயிண்ட் தோலாகிவிடும். தட்டையான டப்பாவில் நனைத்த டிஷ்யூ, அதன்மேல் பட்டர் பேப்பர், அதன்மேல் பெயிண்ட். இதற்கென்று விற்கும் பேலட்டும் இதே ஏற்பாடுதான்.

இந்த மாதங்கள் காட்டுத்தீக் காலமும்கூட. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறியவர்கள் தீயில் சிக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். தீக்காலத்தில் மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடினால் அதில் பேரம் வேண்டாம். தூரத்தில் புகை தெரிந்தால் அதை வரைந்துகொண்டு உட்காராமல் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

புள்ளி, நட்சத்திரம், ஒட்டாத திட்டு

வரும் புகார்களில் ஆட்களை மிகவும் குழப்புவது இதுதான். எப்படிப்பட்ட புள்ளி என்று பார்த்தால் காரணம் கிடைத்துவிடும்.

*பனித்துகள் மாதிரி வெளிறிய நட்சத்திரங்கள்*

"அண்ணா, பெயிண்ட்டில் ஏதோ கலப்படம் போல" என்று ஒரு தம்பி தாளை நீட்டினார். கரும்பச்சை வாஷ் முழுக்கக் குட்டிக் குட்டி நட்சத்திரம். பேன்ட்டையும் சாக்ஸையும் பார்த்தேன், வெள்ளையாக உப்பு. ரத்தம் குடிக்கும் அட்டைக்காகத் தூவியது. அந்தக் கையாலேயே பிரஷைப் பிடித்தால், ஈரமான வாஷில் விழும் ஒவ்வொரு உப்புக் கல்லும் தன்னைச் சுற்றி இருக்கும் தண்ணீரை இழுத்து ஒரு நட்சத்திரம் போட்டுவிடும். ஸ்டுடியோவில் வேண்டுமென்றே இதைச் செய்வார்கள், காட்டில் வேண்டாமலே நடக்கிறது. உப்பைச் சின்னத் துணியில் மூட்டையாகக் கட்டி, நனைத்து, காலில் ஒற்றிக்கொள்ளுங்கள். தூவாதீர்கள். அப்புறம் கையைக் கழுவுங்கள். மூக்குப்பொடியோ புகையிலைத்தூளோ போடுபவர்களுக்கு நட்சத்திரம் வராது, பழுப்புக் கறை வரும்.

*வட்டமான வெளிர்ப் புள்ளிகள்*

மரம் சொட்டுகிறது. மழை நின்று வெகுநேரம் ஆன பிறகும் சோலை சொட்டிக்கொண்டே இருக்கும். குடை பிடியுங்கள் அல்லது திறந்தவெளிக்கு நகருங்கள்.

*பெயிண்ட் ஒட்டாமல் விலகி ஓடும் திட்டு*

எண்ணெய். கொசு விரட்டும் கிரீம், சன்ஸ்கிரீன், தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய், வழியில் சாப்பிட்ட வடை, ஏதோ ஒன்று. தாளைக் கண் மட்டத்துக்கு உயர்த்திச் சாய்வாகப் பாருங்கள். விரல்ரேகை பளபளவென்று தெரியும். பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் ஒரு சொட்டை நிறையத் தண்ணீரில் கலந்து, அந்தத் தண்ணீரில் பெயிண்ட்டைக் கரைத்துத் திட்டின்மேல் தடவினால் பாதியாவது பிடிக்கும். பிடிக்காத இடத்தில் குவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டியான வாட்டர்கலர்) போட்டு மூடுங்கள். கிரீமைக் கிளம்பும்போதே தடவிவிடுங்கள், தாளை எடுக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

*அடர்த்தியாக உள்ளே இறங்கும் கரும்புள்ளிகள்*

இதற்குக் காசு செலவாகும். தாளின் மேலிருக்கும் பசைப்பூச்சு, கடைக்காரர்கள் சைஸிங் என்பது, செத்துவிட்டது. நம் ஊர் ஈரத்தில் இரண்டு மூன்று மழைக்காலம் பீரோவில் கிடந்த தாளுக்கு இது சகஜம். விலை உயர்ந்த பருத்தித் தாளும் தப்பாது.

சோதனை எளிது. தாளின் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு குமிழாகக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தால் தாள் நன்றாக இருக்கிறது. விட்டதும் உறிஞ்சிக் கறுத்தால் போய்விட்டது. இதை வீட்டிலேயே செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஊட்டி வரை பஸ் ஏறிப் போய்க் கண்டுபிடிப்பது வீண். ஒரு மூலை நன்றாக இருந்தால் முழுத்தாளும் நன்றாக இருக்கும் என்றும் இல்லை. நடுவில் ஒரு சொட்டு, எதிர் மூலையில் ஒரு சொட்டு.

செத்த தாளை என்ன செய்வது? செலவில்லாத வழி, அதில் அக்ரிலிக், பேஸ்டல் அல்லது கெட்டியான குவாஷ். கொஞ்சம் மெனக்கெடத் தயார் என்றால், ஒரு டம்ளர் சூடான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் ஜெலட்டின் கரைத்து, அகலப் பிரஷால் மெல்லிசாக ஒரே சீராகத் தடவிக் காயவிடுங்கள். புதுத்தாள் போல ஆகாது, பயிற்சிக்குத் தாங்கும். கடைசி வழி புதுத்தாள். அப்போதும் பத்துப் பன்னிரண்டு தாளுக்குமேல் ஒரே தடவை வாங்கிச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் சூடாக்கி ஈரத்தைப் போக்கித் திரும்பப் போடலாம்.

*சாம்பல் அல்லது பழுப்புப் புள்ளி, கூடவே மக்கின வாசனை*

பூஞ்சை. வெற்றுத்தாள் என்றால் தூக்கிப் போடுங்கள், பக்கத்துத் தாளுக்குப் பரவும். முடித்த படம் என்றால் முதலில் மற்றவற்றிடமிருந்து பிரித்து, காற்றோட்டமான நிழலில் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு வெளியே எடுத்துப் போய், முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, மென்மையான உலர்ந்த பிரஷால் தட்டிவிடலாம். ஈரத்துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள், பூஞ்சை தாளுக்குள் போய்விடும். பெயிண்ட்டின் மேலேயே படர்ந்திருந்தாலும், தட்டின பிறகும் கறை நின்றாலும், படம் உங்களுக்கு முக்கியமானது என்றால் காகிதப் பாதுகாப்பு தெரிந்த நிபுணரிடம் கொடுங்கள். பிரேம் போடும் கடையில் "சார், பிளீச் போட்டுத் தரேன்" என்றால் படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அங்கே நன்றாக இருந்தது, வீட்டுக்கு வந்தால் வேறு படம்

ஏன் என்ற விளக்கமெல்லாம் வேண்டாம். வீட்டில் எப்படித் தெரிகிறது என்பதைச் சொன்னால் காட்டில் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று சொல்லிவிடலாம்.

வீட்டில் இருண்டு மங்கலாகத் தெரிகிறதா? தாள்மேல் வெயில் விழுந்திருக்கிறது. வெளிறி, பச்சையெல்லாம் கூச்சலிடுகிறதா? சோலையின் அடர்நிழலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எல்லாம் கொஞ்சம் செம்பழுப்பாக இருக்கிறதா? தலைக்குமேல் இலைக்கூரை இருந்து, தாள்மேல் பச்சை வெளிச்சம் விழுந்திருக்கிறது. பச்சை கூடுதலாகத் தெரிந்ததால் நீங்களே குறைத்துவிட்டீர்கள்.

குடையாலும் இதே வினை. மழைக்கு எடுத்துப் போகிற பூப்போட்ட குடை, நீலக் குடை, பிரியாணிக் கடை விளம்பரக் குடை எல்லாம் தன் நிறத்தைத் தாளில் கொட்டும், வீட்டில் அதற்கு எதிர் நிறம் தலைதூக்கும். நீலக் குடையின் கீழ் வரைந்தது மஞ்சளடித்திருக்கும், சிவப்புக் குடையின் கீழ் வரைந்தது பச்சையடித்திருக்கும். தாத்தா காலத்துக் கறுப்புக் குடையைப்போல ஓவியருக்கு உதவும் குடை வேறில்லை. கூலிங் கிளாஸைக் கழற்றிவிடுங்கள், இதைச் சொல்ல வேண்டுமா என்று தோன்றும், ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

சோதிக்க ஒரு வெள்ளைத்தாளின் துண்டைப் பாதி வெயிலிலும் பாதி உங்கள் பலகைமேலும் பிடித்துப் பாருங்கள். பலகைமேல் இருக்கும் பாதி வெள்ளையாகத் தெரியாமல் ஏதாவது நிறமடித்தால் இடம் மாறுங்கள். முதுகுக்குப் பின்னால் திறந்த வானம், தாள் நிழலில், அதுதான் நல்ல இடம்.

காடு முழுக்க ஒரே பச்சை

இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் இதற்காக ஆட்கள் பச்சை ட்யூபாக வாங்கிக் குவிக்கிறார்கள்.

முதல் சோதனைக்கு போன் போதும். காட்சியையும் உங்கள் படத்தையும் கறுப்பு வெள்ளையில் போட்டோ எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படம் ஒரே சாம்பலாக இருந்தால் கோளாறு பச்சையில் இல்லை, டோனில். பச்சையைத் தொடாமல் அடிமரத்து இருட்டையும் தூரத்து மலையின் வெளிறலையும் சரிசெய்யுங்கள்.

டோன் சரியாக இருந்தும் பிளாஸ்டிக் மாதிரி இருந்தால், ட்யூப் பச்சையை அப்படியே போட்டிருக்கிறீர்கள். தாலோ பச்சை தனியாக எந்தக் காட்டிலும் இல்லை. அதில் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) சேர்த்தால் சோலையின் கருநிழல் வரும். எலுமிச்சை மஞ்சளோடு கொஞ்சம் அல்ட்ராமரின் (அடர்நீலம்) சேர்த்தால் கவ்வாத்து முடிந்து துளிர்விட்ட தேயிலை. அதன் நடுவே நிழலுக்கு நட்ட சில்வர் ஓக்கின் இலை காற்றில் திரும்பினால் வெள்ளி, அதற்குப் பச்சையே வேண்டாம், நீலம் கலந்த சாம்பல் போதும். தைல மரமும் அந்தச் சாம்பல் பக்கம்தான்.

அதற்கும் அடங்காவிட்டால் பருவத்தைப் பார்க்காமல் வரைகிறீர்கள் என்று அர்த்தம். நம் காட்டில் இலை சிவப்பது உதிரும்போது அல்ல, பெரும்பாலும் துளிர்க்கும்போது. நாங்கு மரத்தின் இளந்தளிர் செக்கச்செவேல் என்று இருக்கும். நாவல் இனத்து மரங்கள் தளிர்விடும்போது சோலையின் கூரை செம்பு நிறத் திட்டுத் திட்டாகும். மாசியில் வறண்ட காட்டில் புரசு இலையெல்லாம் உதிர்த்துவிட்டு ஆரஞ்சாக நிற்கும், முள்ளிலவு சிவப்பாகப் பூக்கும், தேக்கு மொட்டை, மூங்கில் வைக்கோல் நிறம். சித்திரையில் சரக்கொன்றை. தையில் உறைபனி பட்ட நீலகிரிப் புல்வெளி யெல்லோ ஓக்கரும் (மண்மஞ்சள்) ரா அம்பரும்தான் (மண்பழுப்பு), பச்சை சோலை மடிப்புக்குள் மட்டும் ஒடுங்கியிருக்கும். ஆடியில் மரப்பட்டை ஈரத்தில் கறுத்து, அதன்மேல் பாசி பளிச்சென்று எரியும். அப்போதுதான் உண்மையில் பச்சை ஆட்சி, அப்போதும் பாதிப் படம் கறுப்பு அடிமரம்.

ஆக, உட்கார்ந்ததும் பச்சை இல்லாத நான்கு நிறங்களைத் தேடிக் கண்டுபிடித்துத் தாளின் ஓரத்தில் தொட்டு வைத்துவிட்டு அப்புறம் வரையத் தொடங்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பார்க்கிறவர்கள் எல்லாம் "இந்த மரம் ஏன் பழுப்பா இருக்கு?" என்று கேட்கிறார்கள், உங்களுக்கோ பச்சையாகத்தான் தெரிகிறது என்றால், கண் மருத்துவரிடம் நிறக்குறைபாட்டுச் சோதனை செய்துகொள்ளுங்கள். எண்கள் ஒளிந்திருக்கும் புள்ளிப் படங்களைக் காட்டிச் சில நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். ஆண்களுக்கு இது அதிகம், பலருக்கு நடுவயது வரை தெரியாமலே இருக்கும். இருந்தால் வரைவதை விட வேண்டியதில்லை, ட்யூபில் பெயரைப் படித்து எடுங்கள், டோனை நம்புங்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு நிறம் சமீபத்தில்தான் மாறத் தொடங்கியது என்றால் கண்புரையா என்று பார்க்க வேண்டும். மோனே கண்புரையோடு பல வருடம் வரைந்து 1923-இல்தான் அறுவை செய்துகொண்டார். இன்று அவ்வளவு காத்திருக்கக் காரணமே இல்லை.

வெளிச்சம் ஓடிவிடுகிறது, நிழல்கள் ஒன்றுக்கொன்று சண்டை போடுகின்றன

உட்கார்ந்ததும் நிழலின் வடிவத்தை மட்டும் பென்சிலில் அடைத்துவிடுங்கள், சூரியன் எங்கே இருக்கிறது என்று ஓரத்தில் ஒரு அம்புக்குறி. அதன்பின் நிழல் எங்கே போனாலும் நீங்கள் போகாதீர்கள். தாளைச் சிறிதாக்குங்கள், உள்ளங்கை அளவு போதும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தை ஒட்டி ஊட்டிப் பக்கம் நடுப்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும், நிழலே இராது. அந்த நேரத்தில் சாப்பிடுங்கள், தூங்குங்கள்.

அதிகாலையில் வாஷ் படிகமாகிறது, அக்ரிலிக் மாவாக உதிர்கிறது

மார்கழி, தையில் ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தா மாதிரிப் பள்ளமான இடங்களில் விடிகாலை வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும். வாஷில் இறகு இறகாக வடிவம் வந்தால் தண்ணீர் உறைகிறது. பார்க்க அழகாக இருக்கும், வெயில் பட்டதும் கரைந்து கலங்கிவிடும். பிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டு போங்கள், அடிக்கடி மாற்றுங்கள். வெயில் ஏறும்வரை பென்சில் வேலை பார்ப்பது அதைவிட எளிது.

அக்ரிலிக்குக்கு இது பெரிய விஷயம். சுமார் 10 டிகிரிக்குக் கீழே அது ஒழுங்கான படலமாகச் சேராது. காய்ந்த மாதிரி இருக்கும், பிற்பாடு தூளாக உதிரும், வெடிக்கும். மேலே வார்னிஷ் அடித்து இதைச் சரிசெய்ய முடியாது. சுரண்டிவிட்டு அறைக்குள் திரும்பப் போடுவதுதான் வழி.

தாள் அலை அலையாக வளைகிறது

180, 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் தண்ணீர் கொட்டினால் வளையத்தான் செய்யும். நான்கு பக்கமும் கிளிப் போடுங்கள், வாஷ் விரியும்போது கிளிப்பைத் தளர்த்தித் தாளை இழுத்து மறுபடி மாட்டுங்கள். போதாதென்றால் முந்தின நாளே நனைத்துப் பலகையில் கம் டேப்பால் (தண்ணீர் தொட்டு ஒட்டும் காகித டேப்) ஒட்டிக் காயவைத்து எடுத்துப் போங்கள். அதுவும் தொல்லை என்றால் 300 ஜிஎஸ்எம். வரைந்து முடித்த படம் வளைந்திருந்தால் பின்பக்கம் மட்டும் லேசாக ஈரம் தொட்டு, இரண்டு சுத்தமான தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு இரவு விடுங்கள்.

கொஞ்ச நாளில் ஊதாவும் சிவப்பும் மறைந்துவிட்டன

2018-இல் குறிஞ்சி பூத்தபோது வரைந்து சுவரில் மாட்டிய சில படங்களில் இப்போது மலை மட்டும் இருக்கிறது, பூவைக் காணோம். முதலில் படம் மாட்டிய இடத்தில் வெயில் படுகிறதா பாருங்கள். அடுத்து ட்யூபின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிறமியின் எண்ணைப் படியுங்கள். பி.ஆர். 83 என்றிருந்தால் அது பழைய அலிசரின் கிரிம்சன், வெளிச்சம் தாங்காது. ஓபரா ரோஸும் அப்படித்தான். எண்ணே போடாத ட்யூபை நிரந்தரமான எதற்கும் நம்ப வேண்டாம். சந்தேகமான நிறங்களை ஒரு பட்டையில் தீட்டி, பாதியை அட்டையால் மூடி, தெற்கு ஜன்னலில் சில மாதம் ஒட்டி வையுங்கள். அடுத்த குறிஞ்சி 2030-இல்தான், சோதிக்க நேரம் இருக்கிறது. மறைந்த நிறத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது, எந்த நிபுணராலும். மேலே திரும்பத் தீட்டலாம், அவ்வளவே.

பெயிண்ட்டை மூடிவிட்டு எழ வேண்டிய அறிகுறிகள்

ஈரம் காயாத யானைச் சாணம், புதிதாக முறிந்த மூங்கில், பக்கத்தில் கிளை ஒடியும் சத்தம்: சாமானை விட்டுவிட்டு வந்த வழியே போய்விடுங்கள், வனத்துறை ஆட்களோடு வந்து எடுத்துக்கொள்ளலாம். தலைக்குமேல் பாறையிலோ உயர்ந்த மரத்திலோ மலைத்தேனீக் கூடு தெரிந்தால் அங்கே உட்காரவே வேண்டாம். கொட்டத் தொடங்கினால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள். கொட்டு நிறையப் பட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, உதடு வீங்கினாலோ 108.

அட்டை கடித்த இடத்தில் ரத்தம் கொஞ்சநேரம் நிற்காது, பயப்பட ஒன்றுமில்லை, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் மருத்துவரைப் பாருங்கள்.

பலரும் கோட்டைவிடுவது உண்ணிக் காய்ச்சலை (ஸ்க்ரப் டைபஸ்). புல்லிலும் புதரோரத்திலும் மணிக்கணக்கில் உட்காரும் நமக்குத்தான் அதைப் பரப்பும் குட்டி உண்ணி ஏற வாய்ப்பு அதிகம். விரிப்பின்மேல் உட்காருங்கள், திரும்பி வந்ததும் துணியை மாற்றிக் குளியுங்கள். ஒரு வாரமோ இரண்டு மூன்று வாரமோ கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் உடம்பில் கறுப்பாகக் காய்ந்த சின்னப் புண் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள், அக்குள், இடுப்பு, தொடை மடிப்பு உட்பட. எல்லாருக்கும் அது இருக்காது. இருந்தாலும் இல்லாவிட்டாலும், காட்டில் போய் உட்கார்ந்து வந்ததை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று நாட்கள் போய்விடும். சரியான நேரத்தில் தெரிந்தால் மாத்திரையிலேயே குணமாகிவிடும்.